அம்பாசடரும் ஒரு துண்டு ரப்பரும்



நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாமக்கல் தனி மாவட்டம் இல்லை. சேலத்திலிருந்து 1997-ல்தான் பிரிந்தது. அந்தக் காலத்தில் நம் ரோட்டில் கார் என்றாலே அம்பாசடர்தான் கண்முன் வரும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்து, கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. 1950களின் கடைசியில் வந்தது, 2014-ல் நின்றது. முன்னால் டார்ஷன் பார், பின்னால் லாரி மாதிரியே கமான் பட்டை.

நானும் பழசு ஒன்று வாங்கினேன். ஸ்டியரிங் இடதுபக்கம் இழுத்தது. மூன்று தடவை அலைன்மென்ட் செய்தேன். பத்து நாள் நேராக ஓடும், மறுபடி இழுக்கும். ஒருநாள் குனிந்து பார்த்தால், புது டயரின் உள்விளிம்பு தேய்ந்து நூல் தெரிந்தது. முந்தின நாள்தான் அதே டயரில் மகளைப் பரீட்சைக்குக் கூட்டிப்போய் வந்திருந்தேன். கை நடுங்கிவிட்டது.

நாமக்கல்லில் லாரிப் பட்டறைப் பெரியவர் ஒருவர் கம்பியால் நெம்பிக் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் ஆடியது. "புஷ் போச்சுங்க வாத்தியாரே. ஆடற எடத்துல அளவெடுத்தா அளவு எப்படிங்க நிக்கும்?"

புஷ் என்பது இரும்புக்கு நடுவே இருக்கும் ரப்பர். அது வெடித்து இளகிவிட்டால், வண்டி நிற்கும்போது சரிசெய்த சக்கரக் கோணம் பிரேக் போட்டதும் மாறிவிடும்.

பழைய கார் வைத்திருக்கும் பிள்ளைகளே, முதலில் புஷ், பால் ஜாயிண்ட் பாருங்கள். அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான். மாதம் ஒருமுறை டயரின் உள்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

நலமாகப் போய் வாருங்கள்.