பழைய காரின் பெட்ரோல் டியூபும் எண்பது வருட சரித்திரமும்

காமர்ஸ் படிக்கிறவனுக்குக் காருக்கு அடியில் என்ன வேலை என்று கேட்கப் போகும் வகுப்பு நண்பர்களுக்கு: இது மெக்கானிக் பாடம் இல்லை. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கணக்கு. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 என்று பழைய கார்களை விடாமல் வைத்திருக்கிறவர்களிடம் மெக்கானிக்குகள் இப்போது "பெட்ரோல் டியூபை மாத்திடுங்க சார்" என்கிறார்கள். டியூப் கிழிவதற்கு முன்பே ஏன் மாற்ற வேண்டும்? காரணத்தைத் தேடிப் போனால் இரண்டாம் உலகப்போர் வரை போக வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் குழாய். அம்பாசடரில் டேங்க் பின்னால், எஞ்சின் முன்னால். நடுவில் காரின் அடிப்பக்கத்தை ஒட்டி ஓர் இரும்புக் குழாய் ஓடுகிறது. எஞ்சின் ஓடும்போது குலுங்கும், பாடி அப்படிக் குலுங்காது. அதனால் இரண்டையும் இணைக்கும் துண்டு மட்டும் வளையக்கூடிய ரப்பர். இரும்பு துருப்பிடிக்கும், ரப்பர் வெடிக்கும். மதுரை வெயிலில் இன்னொரு தொல்லையும் உண்டு. பம்புக்கு வரும் முன்பே பெட்ரோல் ஆவியாகிவிடும், வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். பழைய டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். (டீசல் அம்பாசடர்காரர்கள் இத்தோடு எழுந்து போகலாம், உங்களுக்கு இந்தக் கதை இல்லை!)

இனி சரித்திரம். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. சென்னை மாகாணத்தில் பெட்ரோல் பஞ்சம். அப்போது நம் ஊர் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று ஒன்றைத் தயாரித்தார். கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைச் சுத்தம் செய்து எஞ்சினுக்கு அனுப்புவது இதன் அடிப்படை. பெட்ரோல் அளவுக்கு இழுவை கிடைக்காது, கிளம்பும் முன் அடுப்பு மூட்ட வேண்டும். ஆனாலும் வண்டி ஓடியது. டயருக்கு மறுபடி ரப்பர் போடும் தொழிலையும் அவர் தொடங்கினார். எரிபொருள் மாறினால் வண்டியையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதை மதுரை அன்றே பார்த்துவிட்டது.

போர் முடிந்தது, கரி அடுப்பு போனது. ஆனால் பெட்ரோலில் ஆல்கஹால் கலக்கும் யோசனை போகவில்லை. 1948-லேயே 'இந்திய பவர் ஆல்கஹால் சட்டம்' வந்தது. நான் புதிய யோசனை என்று நினைத்துக்கொண்டிருந்த எத்தனாலுக்கு சுதந்திர இந்தியாவின் வயது! வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தை 2000-ல் ரத்து செய்தார்கள்; 2001-ல் எத்தனால் கலப்புக்கான சோதனைத் திட்டங்களைத் தொடங்கினார்கள்.

அதே 2000-ல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. 2003-ல் ஒன்பது மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் என்று அறிவித்தார்கள், தமிழ்நாடும் அதில் ஒன்று. பிறகு பல வருடம் ஆமை வேகம். 2022-ல் 10 சதவீதம். 20 சதவீதத்துக்கு முதலில் வைத்த இலக்கு 2030, ஆனால் 2025-லேயே எட்டிவிட்டார்கள். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது, மாருதி 800-ம் அதே வருடம். அதாவது இந்த வண்டிகள் ஒரு பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை, இப்போது குடிப்பது இன்னொன்று.

எத்தனால் பழைய வகை ரப்பரை ஊற வைக்கும், அதிலுள்ள மென்மையாக்கும் பொருளைக் கரைத்து எடுக்கும். பிறகு காய்ந்தால் ரப்பர் விறைத்து வெடிக்கும். அது தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்தத் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி டேங்கையும் இரும்புக் குழாயையும் துருப்பிடிக்க வைக்கும்.

இப்போது கணக்கு. நாம் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். எத்தனாலால் அந்நியச் செலாவணி மிச்சம், கரும்பு விவசாயிக்கும் வருமானம் என்கிறது அரசு. நியாயம்தான். (ஆனால் மதுரைக்குப் பக்கத்தில் அலங்காநல்லூர் கூட்டுறவு சர்க்கரை ஆலையைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் போராடியதையும் பார்த்தோம்.) பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்ற வழக்கை அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. லாபம் நாட்டின் கணக்கில், டியூப் செலவு வண்டிக்காரர் கணக்கில். தொகை சின்னதுதான். ஆனால் மாற்ற வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? பங்கில் அப்படி ஒரு போர்டை நான் பார்த்ததில்லை. சொல்லாமல் விட்டால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும், திறந்த வெளியில் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து எங்கோ இருக்கும் பீடி நெருப்பைத் தேடிப் போகும். கடையில் வெறும் 'டியூப்' என்று கேட்காதீர்கள். தண்ணீர் டியூபும் பார்க்க அப்படியேதான் இருக்கும். எத்தனால் பெட்ரோலைத் தாங்குமா என்று கேளுங்கள், டியூபின் மேல் 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்ற அச்சு இருந்தால் நல்லது. கிளிப்பும் புதிதாக இருக்கட்டும். இரும்புக் குழாயைத் துணியால் துடைத்துத் துரு அரித்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டேங்கில் படிந்த கசடை எத்தனால் கிளறிவிடும் என்பதால் ஃபில்டரையும் கூடவே மாற்றிவிட்டு, சில வாரம் கழித்து இன்னொரு முறை திறந்து பார்க்க வேண்டும்.