வில்லுக்கேற்ற அம்பு

வேட்டைக்கென்று முதன்முதலாக வில் வாங்கப் புகுபவர் வில்லையே நெடுநேரம் நோக்குவார். அதன் நீளத்தைப் பார்ப்பார், வளைத்துப் பார்ப்பார், அதன் வலிமை எவ்வளவு என்று வினவுவார். அம்பும் தூணியும் முன்கை உறையும் கடைசியில் கேட்டு வாங்கும் சில்லறைச் சாமான்கள் என்பது அவர் எண்ணம். வில்லினால் வாழ்ந்த மக்களோ இதற்கு மாறாக எண்ணினர். வில் ஆற்றலைத் தருவது. அந்த ஆற்றலை இலக்குக்கு எடுத்துச் செல்வது அம்பு. வில்லுக்கு ஒவ்வாத அம்பு சிறந்த வில்லையும் பயனற்றதாக்கிவிடும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

நம் நாட்டவரும் இதனை நன்கு அறிந்திருந்தனர். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் ஆயுதசாலைத் தலைவனின் கடமைகளைக் கூறுமிடத்தில், பனை, மூங்கில், மரம், கொம்பு என வில்லுக்குரிய பொருள்களைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. நாணுக்குரிய நார்களையும், மூங்கில், நாணல் முதலான அம்பு வகைகளையும் பிரித்துக் கூறுகின்றது. அறுக்கவும் துளைக்கவும் அடிக்கவும் தக்கவாறு இரும்பாலும் எலும்பாலும் மரத்தாலும் முனைகள் அமைய வேண்டும் என்றும் விதிக்கின்றது. ஆனால் நூல் பொருள்களின் பெயரைத்தான் சொல்லும். அவற்றைத் தேர்ந்தெடுக்கும் கையின் அறிவை அதனால் முழுவதும் சொல்ல இயலாது. அந்த அறிவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நேரே செல்ல வேண்டும். அவ்வாறு சென்றதைக் கண்கூடாகக் காட்டும் வரலாறு ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் நிகழ்ந்தது. அதனை இன்று நாம் சிந்திப்போம்.

கலிபோர்னியாவின் வடபகுதியில், மான் ஓடை என்று பொருள்படும் பெயருடைய ஆற்றின் பள்ளத்தாக்குகளில், யாஹி என்னும் சிறு குடியினர் வாழ்ந்து வந்தனர். மானும் முயலும் மீனும் ஓக் மரத்துக் கொட்டைகளும் அவர்களுக்கு உணவு. 1849ஆம் ஆண்டு முதல் பொன்னைத் தேடிப் பல்லாயிரவர் அம்மாகாணத்தில் வந்து குவிந்தனர். யாஹிகளின் வேட்டை நிலம் பறிபோயிற்று. 1860களில் குடியேறியவர்களின் துப்பாக்கிகள் அவர்களை ஊர் ஊராக அழித்தன. எஞ்சிய ஒரு சிலர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிறர் கண்ணிற் படாமல் மலையிடுக்குகளில் மறைந்து வாழ்ந்தனர். துப்பாக்கி ஓசை கேட்டால் ஆட்கள் வந்துவிடுவர். வில்லுக்கு ஓசை இல்லை. எனவே அவர்கள் உயிரைக் காத்தது வில்லே என்று நாம் சொல்லலாம்.

1908ஆம் ஆண்டில் நிலம் அளக்க வந்த சிலர் இவர்களுடைய மறைவிடத்தைத் தற்செயலாகக் கண்டனர். அங்கிருந்த கருவிகளையும் உடைமைகளையும் அள்ளிக்கொண்டு சென்றனர். இருந்த நால்வரும் சிதறினர். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், ஓரோவில் என்னும் ஊரின் இறைச்சிக் கொட்டில் அருகே, பசியால் மெலிந்த மனிதர் ஒருவர் தனியராக வந்து நின்றார். அவரே அக்குடியின் கடைசி மனிதர். தம் பெயரைத் தாமே சொல்லுதல் அவர்கள் வழக்கமன்று. ஆதலின் அவருடைய மொழியில் மனிதன் என்று பொருள்படும் இஷி என்னும் சொல்லே அவருக்குப் பெயராயிற்று. மானிடவியல் அறிஞர்களான வாட்டர்மனும் ஆல்பிரட் குரோபரும் அவரைச் சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்த கலிபோர்னியா சர்வகலாசாலையின் பொருட்காட்சிசாலைக்கு அழைத்துச் சென்று தங்கச் செய்தனர்.

பொருட்காட்சிசாலைக்கு அருகிலேயே வைத்தியக் கல்லூரி இருந்தது. அங்கு ரண சிகிச்சை ஆசிரியராக இருந்த சாக்ஸ்டன் போப் என்பவர் இஷிக்கு வைத்தியரானார், பின்பு நண்பரானார், இறுதியில் மாணவரும் ஆனார். வில் பிடிக்கத் தெரியாத அவருக்கு இஷியே முதல் ஆசான்.

இஷி கற்பித்த முறையை நாம் கவனிக்க வேண்டும். அவருடைய வில் நீண்டதன்று. ஏறத்தாழ மூன்றரை அடி நீளமே உள்ளது. ஜூனிப்பர் மரத்தால் செய்து, முதுகில் மானின் தசைநாரை ஒட்டியிருந்தார். அதனை முழுதும் வளைக்க ஏறத்தாழ 40 பவுண்டு பலம் போதும். அதற்கு ஏற்றவாறு அம்பும் மெல்லிய தண்டுடையதாகவே இருந்தது. ஹேசல் என்னும் புதர்ச்செடியின் நேரான கொம்புகளைத் தேடி வெட்டி, பட்டையை உரித்து, கட்டுக் கட்டாகக் கட்டி உலர வைப்பார். உலர்ந்தபின் தணலில் வாட்டி, கோணலான இடத்தைக் கையால் அழுத்தி நிமிர்த்துவார். மணற்கற்களுக்கிடையே உருட்டித் தேய்த்து வழவழப்பாக்குவார். கண்ணருகே பிடித்து நோக்கி, சிறிது கோணல் இருந்தாலும் மீண்டும் தணலருகே அமர்வார்.

பெரிய விலங்குக்குரிய அம்பாயின், தண்டின் முன்புறத்தில் கனமான மரத்தாலாகிய குறுந்தண்டு ஒன்றைப் பொருத்துவார். பாரம் முன்னால் இருந்தால் அம்பு தடுமாறாமற் செல்லும். அதன் நுனியில் எரிமலைக் கண்ணாடிக் கல்லாலாகிய முனை. அக்கல் கிடைக்காதபோது உடைந்த கண்ணாடிப் புட்டியே கல்லாயிற்று. மான்கொம்பின் நுனியால் அழுத்திச் சிறுசிறு சில்லுகளாகப் பெயர்த்து, கத்தி போன்ற விளிம்பை அவர் ஆக்குவதைக் காணப் பொருட்காட்சிசாலையில் கூட்டம் கூடுமாம். முயல், அணில் போன்ற சிறு விலங்குகளுக்குக் கல்முனை வேண்டுவதில்லை. எந்த விலங்குக்கு எந்த அம்பு என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. பின்புறத்தில் பறவையின் மூன்று இறகுகளைத் தசைநாரால் சுற்றிக் கட்டுவார். அந்தத் தசைநாரை வாயிலிட்டு மென்று பதமாக்குவதும் தொழிலின் ஒரு பகுதியே.

துணைப்பொருள்களிலும் இதே கவனம் காணப்பட்டது. வில்லையும் அம்புகளையும் ஈரம் படாமற் காக்க நீர்நாய்த் தோலாலாகிய தூணி, நாணுக்குத் தசைநார். வேட்டை முடிந்தவுடன் நாணைத் தளர்த்தி வில்லை ஓய்வு கொள்ளச் செய்வார். ஓய்வின்றி வளைந்தே இருக்கும் வில் விரைவில் வலிமை இழக்கும் என்பதை அவர் அறிவார். வேட்டைக்கு முன் நீராடுவதும் புகையிலையை விலக்குவதும் அவருக்குச் சடங்கு மட்டுமல்ல. மனித வாடையை மானின் மூக்குக்கு எட்டாமற் செய்யும் உபாயமுமாகும். 1914ஆம் ஆண்டில் குரோபரும் வாட்டர்மனும் போப்பும் இஷியுடன் மான் ஓடைப் பள்ளத்தாக்குக்கே சென்றனர். அருங்காட்சிப் பெட்டிக்குள் இருந்த அறிவு அங்கே தன் மண்ணில் நின்று பேசிற்று.

1916ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் காச நோயால் இஷி உயிர் நீத்தார். அவரிடமிருந்து அறிந்தவற்றைப் போப் 1918ஆம் ஆண்டில் யாஹிகளின் வில்வித்தை பற்றிய நூலாக எழுதினார். பின்பு 1923ஆம் ஆண்டில் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடுதல் பற்றிப் பொதுமக்களுக்காக ஒரு நூல் வெளியிட்டார். இஷி செய்ததை அவர் அப்படியே பின்பற்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. இஷி கட்டைவிரலால் நாணை இழுத்தார்; போப் ஆங்கிலேய முறைப்படி விரல்களால் இழுத்தார். இஷியின் வில் குறுகியது. போப் யூ மரத்தாலாகிய நெடிய வில்லை மேற்கொண்டார். வில் வலிதானபோது அம்பும் மாறிற்று. தண்டு தடித்தது, கல்முனையின் இடத்தில் அகன்ற எஃகு முனை வந்தது, முன்கைக்குத் தோலுறையும் விரல்களுக்குக் காப்பும் சேர்ந்தன. ஆசானிடமிருந்து அவர் கற்றது ஒரு வடிவத்தை அன்று. வில்லுக்கேற்ற அம்பை ஆக்கும் பொறுமையையே என்று நாம் கொள்ள வேண்டும்.

அந்நூல் வில் வேட்டையின் மறுபிறப்புக்கு வித்திட்டது. விஸ்கான்சின் மாகாணம் 1934ஆம் ஆண்டில் வில்லாளர்களுக்கெனத் தனி மான் வேட்டைப் பருவத்தை வகுத்தது. போப்பின் நூலைப் படித்து ஊக்கம் கொண்ட டக் ஈஸ்டன் என்னும் இளைஞர் மர அம்புகள் செய்து, 1939ஆம் ஆண்டளவில் அலுமினிய அம்புகளை உருவாக்கினார். ஒரே அளவும் ஒரே எடையுமுள்ள மரத்தண்டுகள் ஒரு டஜன் கிடைப்பது அரிது. உலோகக் குழாயில் அது எளிது. அவர் அலுமினியத்தை நாடியதற்குக் காரணம் இதுவே.

அம்பு வில்லுக்கு ஏற்றதாக வேண்டும் என்பதன் காரணத்தை விஞ்ஞானமும் 1930களில் கண்டது. அம்பு வில்லின் பக்கத்தில் கிடக்கிறது. நாணோ வில்லின் நடுவை நோக்கி விரைகிறது. அப்படியாயின் அம்பு பக்கவாட்டில் விலகி ஓட வேண்டுமே, எவ்வாறு நேரே செல்கிறது? ஹிக்மன் என்னும் பௌதிக அறிஞர் அதிவேகப் படக்கருவியால் இதனைப் படம் பிடித்தார். விடுபட்ட அம்பு பாம்புபோல் நெளிந்து, வில்லைச் சுற்றிக் கடந்து, பின்பு நிமிர்ந்து செல்வது தெரிந்தது. விறைப்பு மிகுந்த அம்பு வேண்டிய அளவு நெளியாது. வலக்கையால் நாண் இழுப்பவருக்கு அது இடப்புறம் விலகும். துவள்வு மிகுந்த அம்பு வலப்புறம் விலகும். தணலருகே அமர்ந்து கைப்பழக்கத்தால் இஷி அறிந்ததைப் படச்சுருள் உறுதி செய்தது.

ஆகவே இன்று வில்வித்தை தொடங்குபவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, அம்பு எவ்வளவு அழகியது என்பதன்று; என் வில்லுக்கும் என் கைநீளத்துக்கும் அதன் விறைப்பு பொருந்துமா என்பதே. இக்காலத்து அம்புத் தண்டை 28 அங்குல இடைவெளியில் தாங்கி வைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கின்றனர். அரை அங்குலம் தாழ்ந்தால் அதன் எண் 500. எண் சிறியதாயின் விறைப்பு மிகுதி. தண்டு நீளும்போதும் முனை கனக்கும்போதும் அம்பு மேலும் துவளும். மிகக் குறுகிய அம்பு நாண் இழுக்கையில் வில்லுக்குப் பின்னே நழுவிக் கையைப் புண்படுத்தலாம். மிக இலேசான அம்பை வலிய வில்லில் தொடுத்தால், அம்பு ஏற்காத ஆற்றல் வில்லையே தாக்கும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுதல் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். முன்கை உறையும் விரலுறையும் அலங்காரமல்ல. அவை இல்லாதவர் வலிக்கு அஞ்சியே குறி தவறுவர். இவை முடிந்தபின் வில்லின் வலிமையைப் பற்றிப் பேசலாம்; அதிலும் தம் தோள் எளிதில் தாங்குவதையே தேர்தல் நன்று.

நம் நாட்டில் வனவிலங்கு வேட்டை சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. 1972ஆம் ஆண்டில் இயற்றிய அச்சட்டம் நல்லதே. ஆயினும் வில்வித்தை விளையாட்டாக நம் இளைஞரிடையே வளர்கிறது; அவர்களுக்கும் இந்த அறிவு வேண்டும்.

அதைவிட வேண்டியது ஒன்றுண்டு, அது நன்றி. ஒரு குடியைத் துப்பாக்கியால் அழித்த சமுதாயம், அக்குடியின் கடைசி மனிதரிடமிருந்து வில்லைக் கற்றது. அவர் மறைந்தபின்னும் அவரை அமைதியாக இருக்கவிடவில்லை. வேண்டாமென்று குரோபர் வெளியூரிலிருந்து எழுதியும் உடலைக் கீறிச் சோதித்தனர். மூளையைத் தனியே எடுத்து வைத்தனர். 2000ஆம் ஆண்டில்தான் அது அவருடைய உறவுக்குடியினரிடம் திரும்பச் சேர்ந்தது. தொழிலறிவை வாங்கிக்கொள்பவர், அதைத் தந்த மக்களை மறந்துவிடுவது எளிது. மலைக்குடிகள் பல வாழும் நம் நாட்டிலும் நாம் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இஷியின் உடலைத் தகனம் செய்தபோது நண்பர்கள் அவருடன் சில பொருள்களை வைத்தனர். ஓக் கொட்டை மாவு ஒரு கூடை, சிறிது புகையிலை, சில கண்ணாடிக்கல் சில்லுகள், வில் ஒன்று, அம்புகள் ஐந்து. அந்த வில்லுக்கு அந்த அம்புகள் பொருந்தியே இருந்திருக்கும்.