பிடிக்காத படகும் விலைபோகாத படகும்

தனியொருவராகப் பாய்விரித்து உலகைச் சுற்றிவந்த ஆங்கிலேயர் இருவர். ஒருவர், தன்னைச் சுமந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த படகை வாய் ஓயாமல் குறை சொன்னார். மற்றவர் தன் படகை அரை நூற்றாண்டு தாண்டியும் கைவிடவில்லை. ஏச்சு வாங்கியது அன்றைய இங்கிலாந்தின் பேர்பெற்ற வடிவமைப்பாளர்கள் வரைந்து, பேர்பெற்ற பட்டறையில் கட்டிய 53 அடி ‘ஜிப்சி மோத் 4’. சீராட்டப்படுவது பம்பாய்த் தச்சர்கள் கட்டிய 32 அடி ‘சுகைலி’. சின்னப் படகு வைத்திருப்பவர்கள் அதன்மேல் ஏன் அவ்வளவு உயிரை வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு, இவை இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சுகைலியிலிருந்தே தொடங்கலாம். 1960களின் தொடக்கத்தில் ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியில் இளம் அதிகாரி. வேலை பம்பாய்க்கும் பாரசீக வளைகுடாவுக்கும் இடையில். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பம்பாயிலேயே ஒரு படகு கட்டி அதிலேயே ஊர் போய்ச் சேரலாம் என்று நினைத்தார். வரைபடத்துக்கு இங்கிலாந்துக்கு எழுதினார். வந்து சேர்ந்தது அவர் கேட்டதல்ல. ‘எரிக்’ என்ற பழைய வடிவம். அமெரிக்கரான வில்லியம் அட்கின் 1920களில் வரைந்தது, நோர்வேயின் உயிர்காப்புப் படகுகளின் வழியில் வந்தது. வேறு வரைபடம் வாங்கப் பணமும் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை. வந்ததையே வைத்துக் கொலாபாவில் வேலை தொடங்கியது. வாய்ச்சியும் வில்துறப்பணமும் கொண்டு, தேக்கு மரத்தில், கையாலேயே கட்டினார்கள். வளைகுடாவில் வீசும் தென்கீழ்க் காற்றின் அரபுப் பெயரைப் படகுக்கு வைத்தார்.

கைக்கருவித் தச்சர்களின் வேலை பெருங்கடலைத் தாங்குமா என்ற ஐயம் நம் நாட்டவருக்கு வரத் தேவையில்லை. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ 1938இல் அத்திலாந்திக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. அதை வாங்கிய வில்லியம் றொபின்சன் சின்னப் படகின் அருமை தெரிந்தவர். ‘ஸ்வாப்’ என்ற தன் 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் அவர் வல்வெட்டித்துறைக் கப்பலில் கண்வைத்தார்.

நொக்ஸ்-ஜோன்ஸ்டன் தம்பியோடும் ஒரு நண்பரோடும் பம்பாயிலிருந்து கிளம்பினார். தென்னாபிரிக்காவில் கைக்காசு தீர்ந்தது. அங்கே வேலை பார்த்துப் பணம் சேர்த்துக்கொண்டு மறுபடி பாய் விரித்து, 1967இல் லண்டன் சேர்ந்தார்கள்.

ஜிப்சி மோத் 4 பிறந்த கதையில் இந்த இழுபறி எதுவும் கிடையாது. பிரான்சிஸ் சிச்செஸ்டர் அப்போதே புகழ் பெற்றவர். 1960இல் அத்திலாந்திக்கைத் தனியாகக் கடக்கும் முதல் போட்டியில் ‘ஜிப்சி மோத் 3’இல் 40 நாளில் வென்றவர். பழைய கம்பளிக் கிளிப்பர் கப்பல்களின் வேகத்தோடு மோதிப் பார்க்க வேண்டும் என்பது அடுத்த ஆசை. ஜோன் இல்லிங்வேத்தும் அங்கஸ் பிரிம்ரோஸும் வரைந்தார்கள். கொஸ்போட்டில் கெம்பர் அன்ட் நிக்கல்சன்ஸ் பட்டறை மஹோகனித் தகடுகளை அடுக்கடுக்காக ஒட்டிக் கட்டியது. செலவு கணக்கை மீறியது. பணம் கொடுத்தவர் உறவினரான டல்வர்ட்டன் பிரபு. வெள்ளோட்டத்தில் ஒரு சாதாரணக் காற்றுக்கே படகு பக்கவாட்டில் படுத்துவிட, அடியில் மேலும் ஈயம் ஏற்றினார்கள்.

கடலில் இரண்டும் எப்படி நடந்துகொண்டன? வேகத்தில் ஒப்பீடே இல்லை. ஜிப்சி மோத் 1966 ஆகஸ்ட் 27இல் பிளிமத்தை விட்டு 107 நாளில் சிட்னி போனது. அங்கிருந்து ஹோர்ன் முனையைச் சுற்றி 1967 மே 28இல் திரும்பியது. கடலில் கழிந்தவை 226 நாட்கள், ஓடிய தூரம் ஏறத்தாழ 29,600 மைல். நாளொன்றுக்கு 130 மைலுக்குச் சற்று மேல். சுகைலி 1968 ஜூன் 14இல் ஃபால்மத்தை விட்டு, எங்கும் நிற்காமல், 1969 ஏப்ரல் 22இல் திரும்பியது. 312 நாள், சுமார் 30,000 மைல்; நாளுக்கு 96. மணிக்கு நான்கு கடல்மைல் என்பது சைக்கிளில் நிதானமாகப் போகிறவரின் வேகம்கூட இல்லை. இதில் மர்மம் ஒன்றுமில்லை. நீரைத் தொடும் நீளம் கூடக்கூடப் பாய்மரப் படகின் உச்ச வேகமும் கூடும். அதனால்தான் நீளமான ஜிப்சி மோத் வேகமாகப் போனது.

ஆனால் நீளத்தோடு வேறு சிலதும் வந்தன. படகு சீக்கிரம் சாயும். சுக்கான் சொன்னபடி கேளாது. சிட்னியில் ஏரா என்னும் அடிமரத்தின் வடிவத்தையே திருத்த வேண்டி வந்தது. திருத்திக்கொண்டு புறப்பட்ட அடுத்த இரவே டாஸ்மன் கடலில் கவிழ்ந்து நிமிர்ந்தது. அப்போது சிச்செஸ்டருக்கு 65 வயது. கூடமாட ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. திரும்பி வந்தவருக்குக் கிறீன்விச்சில் அரசி சேர் பட்டம் கொடுத்தார். படகைப் பற்றி அவர் சொன்னவற்றில் மட்டும் கனிவு இல்லை.

சுகைலியில் கோளாறுக்குக் குறைவென்று யாரும் எண்ண வேண்டாம். கிளம்பிச் சில வாரங்களிலேயே நீர்மட்டத்துக்குக் கீழே பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் வரத் தொடங்கியது. நடு அத்திலாந்திக்கில், நொக்ஸ்-ஜோன்ஸ்டன் தனியாக, மூச்சைப் பிடித்து முங்கி, இடுக்கில் பஞ்சு திணித்து, மேலே கன்வஸ் பட்டை வைத்துச் செப்புத் தகட்டை ஆணியடித்தார். நடுவில் ஒரு சுறா சுற்றத் தொடங்கியதால் ஏறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். குடிநீர்த் தொட்டி கெட்டது. வானொலி ஊமையானது. நியூசிலாந்துக் கரையில் கண்ட பிறகு பல மாதம் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே யாருக்கும் தெரியாது.

காற்றைப் பார்த்துத் தானாகச் சுக்கானைத் திருப்பும் கருவி அவுஸ்திரேலியாவுக்கு அருகில் உடைந்து போனது. படகின் குணம் தெரிந்த இடம் அதுதான். சுகைலிக்கு ஏரா நீளம். முன்னிருந்து பின்வரை ஓடும் அந்த அடிமரம் படகைத் தடம் மாறாமல் பிடித்து வைக்கும். பாய்களைப் பொருத்தமாக இழுத்துக் கட்டினால் சுக்கானை விட்டுவிட்டுத் தூங்கலாம். பசிபிக்கையும் ஹோர்ன் முனையையும் அத்திலாந்திக்கையும் அப்படியே கடந்தார். நியாயமாகச் சொன்னால், ஜிப்சி மோத்தின் கருவியும் சிட்னிக்கு இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் உடைந்தது. சிச்செஸ்டரும் ஒரு சிறு பாயைச் சுக்கான் பிடியோடு கட்டிச் சமாளித்தார். கெட்டித்தனத்தில் இருவரும் சளைத்தவர்கள் அல்ல. வேறுபாடு படகு அவர்களிடம் கேட்ட உடலுழைப்பில்.

கண்டிப் பக்கத்தில் என் ஊரான மடவளையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மலையிறங்கி நூறு கிலோமீற்றர் தாண்டாமல் கடலைப் பார்க்க முடியாது. பாய்மரப் படகைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், மொரிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்களைப் பார்த்து வளர்ந்த தகுதிதான். கண்டி மேட்டில் புதிய ஜப்பான் வண்டிகள் முந்திப் போகும். மைனர்க்காரர் கோபப்பட மாட்டார். பொனட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும், எது போனாலும் எங்கே கிடைக்கும் என்பதும் தெரியும். சுகைலி எப்படிக் கட்டப்பட்டது என்பது அதன் சொந்தக்காரருக்குத் தெரியும். எந்த இடுக்கு ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு வரைபடம் வேண்டியிருக்கவில்லை.

இதைக் காதல் கதையாக்கிவிடக் கூடாது. உலகைச் சுற்றத் தீர்மானித்தபோது நொக்ஸ்-ஜோன்ஸ்டன் கேட்டது சுகைலியை அல்ல. இரும்பில், பெரிதாக, வேகமாக ஒரு படகு கட்ட நினைத்தார். அதற்காகச் சுகைலியை விற்கவும் பார்த்தார். படகு விலைபோகவில்லை, புதுப் படகு கட்ட ஆதரவு தரவும் யாரும் வரவில்லை. இருந்ததைக் கொண்டு கிளம்பினார். அது தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டி; 1968இல் அதில் புறப்பட்ட ஒன்பது பேரில் முடித்தவர் அவர் மட்டுமே. கிடைத்த 5,000 பவுண் பரிசை, கடலில் மறைந்த சகபோட்டியாளர் டொனல்ட் குரோஹர்ஸ்ட்டின் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார். ஆக, பற்று முதலில் வந்து படகு பிறகு வரவில்லை. வேறு வழியில்லாமல் ஒட்டிக்கொண்ட உறவு 312 நாளில் பற்றானது. கைக்கெட்டிய விலை என்பதற்கு இப்படியும் ஒரு பலன் உண்டு: படகு தனக்கே சொந்தமானதால், அது எவ்வளவு மெதுவாகப் போனாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சிச்செஸ்டர் ஏறியது பிறர் பணத்தில், பிறர் அறிவில் உருவான படகில். அதன் பிழைகளை அவர் மன்னிக்க மறுத்ததில் எனக்கு வியப்பில்லை.

பிறகு நடந்ததையும் பாருங்கள். ஜிப்சி மோத்தை 1968இல் கிறீன்விச்சில் தரையில் நிறுத்திக் காட்சிப்பொருளாக்கினார்கள். சிச்செஸ்டரோ ‘ஜிப்சி மோத் 5’ஐக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். மழையும் பார்வையாளர் கால்களும் தளத்தை அரித்தன. 2004இல் ஒரு பவுணுக்கும் ஒரு கிளாஸ் ஜின்னுக்கும் கைமாறி, மறுவருடம் பழுதுபார்க்கப்பட்டு, 2006இல் பசிபிக்கின் ரங்கிரோவாவில் பவளப் பாறையில் ஏறியது. மீட்டு மறுபடி சரிசெய்தார்கள். சுகைலியும் 1990களில் கிறீன்விச் அருங்காட்சியகத்துக்குப் போனது. உள்ளரங்கின் உலர்ந்த காற்றில் தேக்குப் பலகைகள் சுருங்கத் தொடங்கியதைக் கண்ட சொந்தக்காரர், படகைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆணி ஆணியாகக் கழற்றிப் புதுப்பித்து, 2016இல், எழுபத்தேழு வயதில், மறுபடி தண்ணீரில் இறக்கினார்.

பழைய போட்டியின் 50ஆம் ஆண்டு நினைவாக 2018இல் நடந்த ஓட்டத்தில் 32 முதல் 36 அடிக்குள், நீண்ட ஏரா கொண்ட, பழைய வடிவப் படகுகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. பெரும் பணமில்லாதவரும் கலந்துகொள்ளலாம் என்பது அதன் எண்ணம். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் தொமி, கோவாவில் சுகைலியின் சாயலிலேயே கட்டிய ‘துரியா’வில் போனார். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசிய புயலில் பாய்மரங்கள் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு அசையாமல் கிடந்தவரை மூன்று நாளுக்குப் பின் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது. துரியா கடலிலேயே விடப்பட்டது. சின்னது, மரத்தாலானது, பாசத்தோடு கட்டியது என்பதற்காகக் கடல் விட்டுக்கொடுப்பதில்லை. நடக்கப் பழகி எழுந்த தொமி 2022இல் மறுபடி புறப்பட்டார். எடுத்துப்போனது 36 அடி ‘ரஸ்லர்’ வகைப் படகு. 236 நாளில் இரண்டாவதாக வந்தார்.