பித்துத் தெளிவித்த உப்பு

உளநோய்க்கு மருந்து உண்பதா, வேண்டாவா என்னும் வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. உண்ணாவிடின் பிணி வருத்தும். உண்டால் மருந்தே கேடு செய்தலும் கூடும். இவ்விரு துன்பங்களையும் ஒரே மனிதரிடத்திற் காட்டியது இலிதியத்தின் வரலாறு.

இலிதியம் பாறைகளிற் கிடைக்கும் ஓர் உலோகம். அவுஸ்திரேலியாவில், மெல்பேண் நகர்ப்புறத்துப் பண்டூரா வைத்தியசாலையிலிருந்த உளநோய் மருத்துவர் ஜோன் கேட் அதன் உப்பை முதலில் தாமே உட்கொண்டு பார்த்தார். துணிவென்பாரும் உளர், மடமையென்பாரும் உளர். பின்னர், 1948 இல், ஐந்தாண்டு களிவெறியால் அலைக்கழிந்த 51 வயதினர் ஒருவருக்கு அதனைக் கொடுத்தார். சில கிழமைகளிற் பித்துத் தெளிந்தது. அவர் வீடு சென்றார். பழைய தொழிலிலும் அமர்ந்தார். நலத்தோடு அசட்டையும் வந்தது; மருந்தைக் கைவிட்டார். பிணி மீண்டது. மீண்டும் உண்ட மருந்தோ உடலில் நஞ்சாகத் தேங்கி, 1950 இல் அவர் உயிரைக் கவர்ந்தது. கேட் மனம் நொந்து அதனை விலக்கினார்.

கேடு மருந்திலா, அளவிலா? அதே நகரத்து ஆய்வாளர் ட்ரவுட்னர், குருதியில் இலிதியத்தின் அளவைச் சோதித்துச் சோதித்தே கொடுக்கலானார். டென்மார்க்கில் மோகென்ஸ் ஸ்கோ 1954 இல் ஆய்வைத் தொடர்ந்தார். இலண்டன் அறிஞர் இருவரோ, இது மற்றுமொரு கட்டுக்கதையோ என 1968 இல் ஐயுற்றனர். விடைகாண, இலிதியம் உண்டு நலமாயிருந்த 84 பேரை டேனியர் இரு கூறாக்கினர். 1970 இல் முடிவு வெளிவந்தது. மருந்தற்ற போலிக் குளிகை பெற்ற 39 பேருள் 21 பேருக்கு ஐந்து மாதத்துள் நோய் மீண்டது. இலிதியம் உண்ட 45 பேருள் ஒருவருக்கேனும் மீளவில்லை. ஆயினும், குருதிச் சோதனை இன்றுவரை கைவிடப்படவில்லை.