செஞ்சியின் கோடைகள்

நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளில் அமாவாசை இருக்கும்; கிருத்திகை இருக்கும்; தலைவர்களின் பிறந்த நாட்கள் இருக்கும். ஏப்ரல் 5-ஆம் தேதியைக் கிழிக்கும்போது, "இன்றுதான் செஞ்சிக் கோட்டை கைமாறிய நாள்" என்று நினைப்பவர்கள் திண்டிவனத்திலாவது விழுப்புரத்திலாவது எத்தனை பேர் இருப்பார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது.

செஞ்சி என்றதும் நமக்கு நினைவு வருகிறவன் தேசிங்கு ராஜன். ஓர் ஆண்டுகூட முழுதாக ஆளாதவன். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு பொருது, இருபத்து சொச்சம் வயதில் 1714-ஆம் வருஷம் அக்டோபரில் மாண்டான். அவனுடைய குதிரையும், நண்பன் மகமத்கானும், உடன்கட்டை ஏறிய ராணியும் பாட்டிலும் கூத்திலும் ஏறிக்கொண்டார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்தக் கதையைக் குறை சொல்லத் துணிவேனா? ஆனால் அது ஐப்பசி மழையை ஒட்டி நடந்த கதை. செஞ்சியின் தலையெழுத்தை மாற்றிய காரியங்கள் பல, கொளுத்தும் வெயிலில் நடந்தவை. அவற்றைப் பாட யாரும் வரவில்லை.

1677-ஆம் வருஷத்துக் கோடையைப் பாருங்கள். சிவாஜி ராய்கட்டில் முடிசூடி மூன்று ஆண்டுகள் ஆகவில்லை. கோல்கொண்டா சுல்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டு, ஸ்ரீசைலத்தைத் தரிசித்துவிட்டு, பெரும்படையோடு தெற்கே இறங்கினார். மே மாதத்தில் சென்னைப்பட்டணத்து ஆங்கிலேயருக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கோட்டையிலிருந்தவர்கள் நடுங்கிக் கொண்டு பிரித்திருப்பார்கள். உள்ளே கேட்டிருந்தது என்ன தெரியுமா? மருந்து! விஷமுறிவுக் கற்களும் இன்ன பிறவும் வேண்டுமாம். காசு கேட்காமல், பழங்களையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார்கள். கெட்டிக்காரர்கள்!

அந்த மே மாத நடுவிலேயே செஞ்சி அவர் வசமாகிவிட்டது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில் போட்டு இணைத்த கோட்டை அது. ராஜகிரி உச்சியை அடைய வேண்டுமானால், ஆழமான பாறைப் பிளவின் மேல் போட்ட மரப்பாலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனைக் கீழே இருப்பவன் ஒன்றும் செய்ய முடியாது. அத்தகைய கோட்டையைப் பிடிக்க வருஷக்கணக்கில் முற்றுகை நடந்திருக்க வேண்டும் அல்லவா? நடக்கவில்லை. பீஜப்பூர் சார்பில் அதைக் காத்துவந்த நாசிர் முகமது கான், ஜாகீருக்கும் பணத்துக்கும் இசைந்து கதவைத் திறந்துவிட்டான். வாங்கிய கோட்டையைச் சிவாஜி அப்படியே வைத்துக்கொள்ளவும் இல்லை. புதிய மதில்களும் அகழிகளும் கொத்தளங்களும் எழுந்தன. ஐரோப்பியப் பொறியாளரும் குறை சொல்ல முடியாத வேலை என்று அக்காலத்துப் பாதிரியார் ஒருவர் வியந்து எழுதி வைத்திருக்கிறார். அந்தச் செலவுக்கான பணம் இந்தச் சீமைக் குடிகளிடமிருந்துதான் கறக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கோடையில் என் மனத்தை விட்டு அகலாதவர் சிவாஜி அல்ல, ஷேர்கான் லோடி. வாலிகண்டபுரத்திலிருந்து இந்தப் பக்கத்துச் சீமைகளை ஆண்ட பட்டாணியர். 1673-இல் பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரியில் கால் வைக்க இடம் கொடுத்தவர் அவரே. ஆனி மாத வெயிலில், ஜூன் 26-ஆம் தேதி, ஏறத்தாழ நாலாயிரம் குதிரைப் படையோடு திருவதிகைப் பக்கம் சிவாஜியை எதிர்க்கப் போனார். எதிரே நின்ற படையைக் கண்டதும் அவருடைய ஆட்கள் கலைந்தார்கள். இரவோடு இரவாகக் காட்டு வழியே தப்பிப் புவனகிரிப் பக்கம் ஒதுங்கினார். ஜூலை முதல் வாரத்திற்குள் எல்லாம் முடிந்தது. நாடு முழுவதையும் ஒப்படைத்து, இருபதினாயிரம் வராகன் தருவதாகவும் ஒப்புக்கொண்டு, பணம் சேரும் வரையில் மூத்த மகன் இப்ராகிம் கானைப் பிணையாக விட்டுக் கொடுத்தார்.

அவர் இடம் கொடுத்த புதுச்சேரிக்காரர்கள் அப்போது என்ன செய்தார்கள்? பிரான்சுவா மார்த்தேன் சிவாஜியிடம் தூது அனுப்பினார். "எந்தப் பக்கமும் சேராமல் இருந்தால் உங்களுக்குத் தொந்தரவில்லை" என்பது போன்ற பதில் கிடைத்தது. சேராமல் இருந்தார்கள். வியாபாரக் கம்பெனியின் கணக்கில் அது சரிதான். மார்த்தேனை நான் கயவர் என்று சொல்ல மாட்டேன். ஆயினும், மகனைப் பாளையத்தில் விட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமாக வராகனுக்குக் கையேந்தும் அந்தக் கிழவரை நினைத்தால் ஒரு நாவலே எழுதிவிடலாம் போலிருக்கிறது. பணம் ஒருவாறு சேர்ந்து, மறு வருஷத் தொடக்கத்தில் பிள்ளை வீடு வந்து சேர்ந்தான் என்பது ஓர் ஆறுதல்.

பிரெஞ்சுத் தூதர் சிவாஜியின் பாளையத்தில் கண்டதையும் குறித்திருக்கிறார்கள். ஆடம்பரம் இல்லை, பெண்கள் இல்லை, சுமைகள் இல்லை. முரட்டுத் துணியில் சாதாரணமான இரண்டே கூடாரங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று மந்திரிக்கு.

1680 ஏப்ரல் 3-இல் சிவாஜி காலமானார். அவர் வாங்கிப் போட்ட கோட்டையின் அருமை பின்னால்தான் தெரிந்தது. 1689-இல் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார், தலைநகரும் விழுந்தது. இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி வந்து சேர்ந்த இடம் செஞ்சி. மராட்டிய ராஜ்யம் முழுவதற்கும் நம் செஞ்சி தலைநகராயிற்று! கடலூர்க் கடற்கரைக் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் விலைக்கு வாங்கியது இந்த ராஜாராமிடந்தான். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை அவர்களுக்குச் சொந்தம் என்பது பேச்சு. 'குண்டு கிராமம்' என்ற பெயர் அப்படி வந்தது. மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இன் தொடக்கத்தில்தான் முடிந்தது. அதற்குள் ராஜாராம் வெளியேறிவிட்டிருந்தார். 2025 ஜூலை 11-ஆம் தேதி யுனெஸ்கோ மராட்டியருடைய பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருந்தன, பன்னிரண்டாவது செஞ்சி.

இனி அந்த ஏப்ரல் 5. 1750 செப்டம்பரில் புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். அதை மீட்கலாம் என்று 1752-இல் புறப்பட்ட ஆங்கிலப் படை, கோட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி, விக்கிரவாண்டியில் நன்றாக உதை வாங்கிற்று. இன்று சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும்போது நாம் சலித்துக்கொள்கிறோமே, அதே விக்கிரவாண்டிதான். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்த பிறகும் செஞ்சியில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. தலைவர் மக்கிரேகர் என்பவர். லட்சம் பேரைக் கொண்டுவந்தாலும் மூன்று வருஷத்தில் பிடிக்க முடியாது என்று அவர் ஆங்கிலத் தளபதி ஸ்மித்துக்குச் சொல்லியனுப்பினார். வீண் ஜம்பம் அல்ல. அந்தப் பாறையைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் புதுச்சேரியே போனபின் யார் உதவிக்கு வருவார்கள்? மேலும், செஞ்சியின் கொடிய பகைவன் உள்ளேயே இருந்தான். அவன் பெயர் காய்ச்சல். ஒரே சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே வைக்கவில்லையாம். அப்படியும் பத்து வருஷத்தில் ஆயிரத்து இருநூறு பேரை வாரிக்கொண்டு போயிற்று என்று ஆர்ம் என்னும் ஆங்கிலச் சரித்திராசிரியர் எழுதுகிறார். கணக்குப் பாருங்கள்: பன்னிரண்டு தடவை அந்தக் கோட்டை காலியாகிப் பன்னிரண்டு தடவை நிரம்பியிருக்கிறது! மக்கிரேகர் மூன்று வருஷம் காத்திருக்கவில்லை. கோடை தொடங்கியதும் கௌரவமான நிபந்தனைகளோடு கோட்டையை ஒப்புவித்துவிட்டு இறங்கினார்.

பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து கொண்டுபோன கல்தூண்கள் மட்டும் இன்றும் புதுச்சேரிக் கடற்கரையில், காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. சித்திரை மாதத்து மாலை வேளையில் காற்று வாங்க வருகிறவர்கள் அவற்றின் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறார்கள்.