பேப்பர் இல்லாத நாய்

"என்னா ஜாதி தம்பி இது?"

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற திடலில் மணியை ஓடவிடும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிடுவார்கள். தமிழில் கேட்பார்கள், மலாயில் கேட்பார்கள், ஹொக்கியனில் கேட்டால் எனக்குப் பாதிதான் புரியும். "லோக்கல்தான் ஆன்ட்டி" என்பேன். "ஓ" என்பார்கள். அந்த "ஓ"வில் சுருதி கொஞ்சம் இறங்கும். பிவிசி குழாயில் நானே செய்த தடைகளை மணி ஒவ்வொன்றாகத் தாண்டுவதைப் பார்த்த பிறகும் சிலர் விடமாட்டார்கள். "பாதி பார்டர் கோலியா இருக்கும், பாருங்க." திறமை இருக்கிறதென்றால் எங்கேயோ நல்ல ரத்தம் கலந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இந்த விளையாட்டை நாங்கள் அஜிலிட்டி என்றே சொல்கிறோம். திடலில் பதினைந்து இருபது தடைகள் வைத்திருப்பார்கள்: தாண்டுவதற்குக் குறுக்குக் கம்பிகள், நுழைந்து வெளியே வரக் குழாய்ச் சுரங்கம், கூரை மாதிரி நிற்கும் ஏற்றம், உயரத்தில் ஒரு நடைபலகை, ஒரு ஏற்ற இறக்கப் பலகை. அப்புறம் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட பன்னிரண்டு கழிகள். அவற்றுக்கு நடுவே நாய் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போக வேண்டும். எந்தத் தடைக்கு அப்புறம் எது என்பதை நடுவர் போட்டிக்குப் போட்டி மாற்றுவார். நாயின் ஆள் மட்டும் முதலில் சில நிமிஷம் தனியாக நடந்து பார்த்து வழியை மனப்பாடம் செய்துகொள்ளலாம். நாய்க்கு அது அப்போதுதான் முதல் தடவை. சங்கிலி கிடையாது, தின்பண்டம் கிடையாது, நாயைத் தொடவும் கூடாது. குரலும் கையும் உடம்பு திரும்புகிற விதமும்தான். கம்பி விழுந்தால் ஐந்து புள்ளி குற்றம். பலகையின் அடியில் வேறு நிறம் பூசிய பகுதியில் ஒரு காலாவது படாமல் குதித்தால் இன்னொரு ஐந்து. வரிசை மாறி வேறு தடைக்குப் போய்விட்டால் ஆட்டமே முடிந்தது.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிற பொறியாளன். என்னை முதலில் இழுத்தது நாய் இல்லை, அந்த ஏற்ற இறக்கப் பலகைதான். கீழே இறங்க வேண்டிய பக்கத்தில் வெறும் ஒரு கிலோ எடையை வைத்தாலும் சில நொடிகளில் பலகை தரையைத் தொட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏன் ஒரு கிலோ? போட்டிக்கு வருவதிலேயே ஆகச் சிறிய நாய் ஏறினாலும் பலகை சாய வேண்டுமே, அதற்காக. இருப்பதிலேயே இலேசானவனை மனதில் வைத்து ஒரு பொருளை வடிவமைத்திருக்கிறார்கள். இதை வாசித்த அன்று இந்த விளையாட்டின் மேல் எனக்கு மரியாதை வந்தது. அதன் வரலாற்றைத் தேடிப் போனதும் அதற்கப்புறம்தான்.

தொடங்கிய கதையே வேடிக்கையானது. லண்டனில் கிரஃப்ட்ஸ் என்று ஒரு நாய்க் கண்காட்சி. நாய் பிஸ்கட் விற்றுக்கொண்டிருந்த சார்ல்ஸ் கிரஃப்ட் என்பவர் 1891இல் தொடங்கியது. வம்சாவளி சுத்தமான நாய்களை நிறுத்தி, காது எப்படி, வால் எப்படி, முதுகு நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பரிசு கொடுக்கிற இடம். 1978இல் அங்கே ஒரு சின்னச் சிக்கல்: முக்கிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி, அதுவரை கூட்டத்தைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். செயற்குழுவில் இருந்த ஜான் வார்லிக்குக் குதிரைகள் தடை தாண்டும் போட்டி ஞாபகத்துக்கு வந்தது. பீட்டர் மீன்வெல் என்கிற பயிற்சியாளரைக் கூப்பிட்டு, அதே மாதிரி நாய்களுக்கு ஒன்று அமைக்கச் சொன்னார். இரண்டு குழுக்கள் ஓடிக் காட்டின. ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டே வருஷத்தில், 1980இல், பிரிட்டனின் கென்னல் கிளப் அதை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது.

நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ரத்தத்தை அளந்து பரிசு கொடுக்கிற வீட்டில், இடைவேளையை நிரப்பப் போட்ட ஆட்டம் இது. ஆனால் அது கேட்ட கேள்வியே வேறு. உன் அப்பன் யார் என்று கேட்கவில்லை, உன்னால் ஓட முடியுமா என்றுதான் கேட்டது. பிரிட்டனில் கலப்பின நாய்களும் அஜிலிட்டியில் ஓடலாம். அமெரிக்க கென்னல் கிளப் 1994இல் அஜிலிட்டியைத் தொடங்கியபோது வம்சாவளி நாய்களுக்குத்தான் இடம் கொடுத்தது. கலப்பின நாய்களுக்குக் கதவு திறக்க 2010 ஆனது.

மணி எங்களிடம் வந்தது 2015 செப்டம்பரில். வெறிநாய்க்கடி நோய் ஒழிந்துவிட்டது என்று மலேசியா அறிவித்துச் சில வருஷம்கூட ஆகவில்லை. பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் அது திரும்ப வந்தது. தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்தது, எதிர்ப்பும் கிளம்பியது. நான் அப்போது நிபோங் திபாலில் இருக்கிற யூ.எஸ்.எம். பொறியியல் வளாகத்தில் முதல் வருஷ மாணவன். ஹாஸ்டல் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த ஒரு பழுப்புக் குட்டியைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஊசி போட்டு, லைசென்ஸ் எடுத்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி மட்டும், "வச்சிக்கோ. என்கிட்ட கொண்டாராத" என்றார். அன்றிலிருந்து அவர் மணியைத் தொட்டதே இல்லை. நாய் என்றால் பாட்டிக்கு அருவருப்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

மணிக்கு நாலு வயது இருக்கும்போது கோலாலம்பூர் பக்கம் நடந்த ஒரு போட்டிக்கு அழைத்துப் போனேன். பினாங்கிலிருந்து 350 கிலோமீட்டர், காரில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தான். எந்த நாயும் ஓடலாம் என்ற பிரிவில் பெயர் கொடுத்திருந்தோம். கழிகளுக்கு நடுவே ஒன்றுகூடத் தவறவிடாமல் போனான். கடைசி இரண்டு தடை மட்டும் பாக்கி. அப்போது தனக்குப் பிடித்த சுரங்கத்துக்குள்ளே மறுபடியும் புகுந்துவிட்டான். ஆட்டம் முடிந்தது. கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற அனுபவசாலி ஒருவர், "நல்லா ஓடுறான். பேப்பர் இருந்தா வெளிநாடு வரைக்கும் போகலாம்" என்றார்.

பேப்பர் என்றால் வம்சாவளிச் சான்றிதழ். உலக அளவில் நாய்ச் சங்கங்களை இணைக்கிற எஃப்.சி.ஐ. 1911இல் தொடங்கியது. அதன் அஜிலிட்டி உலகப் போட்டி 1996இல் சுவிட்சர்லாந்தின் மோர்ஜில் முதல் தடவை நடந்தது. அதில் ஓடும் நாய் வம்சாவளிப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அதே அமைப்பின் ஐரோப்பிய ஓப்பன் போட்டியில் எந்த நாயும் ஓடலாம். உலகப் போட்டியில் அது முடியாது. 1978இல் முன்கதவைத் திறந்து வைத்தவர்கள் மாடிக்குப் போகிற படியில் பழைய பூட்டையே மாட்டியிருக்கிறார்கள்.

இதில் நம் நாட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. பகாங்கில் தெலோம் என்று ஓர் ஆறு. அந்தப் பக்கத்து ஓராங் அஸ்லி மக்கள் கால்நட்டு உயர்த்திய வீடுகளில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய நாய்கள் ஏணி ஏறித்தான் வீட்டுக்குள் போகும். ஆர்வில் எலியட் என்ற மானிடவியலாளர் 1963இல் அந்த நாய்களில் ஒரு ஜோடியை ஆராய்ச்சிக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே ஆற்றின் பெயரால் தெலோமியன் என்று பெயர் வைத்தார்கள், சங்கம்கூட அமைத்தார்கள். எஃப்.சி.ஐ. அங்கீகரித்த இனங்கள் முந்நூற்றுக்கும் மேல். தெலோமியன் அதில் இல்லை. பயிற்சிக்கு முந்தைய காலத்திலிருந்தே ஏணி ஏறத் தெரிந்த நாய்க்கு ஏறி இறங்கும் உலகப் போட்டியில் இடம் இல்லை.

போட்டி முடிந்து வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அம்மாவிடம் கொட்டிக்கொண்டிருந்தேன். "பேப்பர் இல்லையாம்மா, அவ்ளோதான். மேல போக முடியாது." வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாட்டி தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "பேப்பர் இல்லன்னா நாயி மட்டுமா நிக்கும்?"

அன்றைக்குத்தான் டைகர் கதை வெளியே வந்தது.

பாட்டி பிறந்தது சுங்கை பட்டாணிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அவருடைய அண்ணனுக்கு ஒரு நாய், பெயர் டைகர். பெரட்டுக்குப் போகும்போது கூடவே போகும். ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பன்றி வேட்டைக்கும் போகும். 1957இல் நாடு சுதந்திரம் பெற்றது. ஆனால் தோட்டத்தில் நிறைய பேருக்குக் குடியுரிமைத் தாள் கைக்கு வரவில்லை. பிறந்த சான்று இல்லை, படிவம் எழுதத் தெரியவில்லை, எதற்கு என்று சொல்ல ஆளும் இல்லை. சிவப்பு ஐசியோடு பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது: குடிமகன் இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும். அடுத்து வந்த காலத்தில் ஏறக்குறைய 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்கிறார்கள் வரலாற்று ஆசிரியர்கள். திரும்பினார்கள் என்பது சரியான சொல்லா என்று தெரியவில்லை. பாட்டியின் அண்ணன் போன்றவர்கள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

அவர் குடும்பத்தோடு பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். நாகப்பட்டினம் வழியாக மெட்ராஸ் போகிற கப்பல். டைகரைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் போனார். "லயத்து வாசல்லயே படுத்துக்கிச்சு. பெரட்டுச் சங்கு ஊதினா எழுந்து ரோட்டைப் பாக்கும், மறுபடி வந்து படுத்துக்கும். சோறு வச்சாலும் திங்கல. நாங்கூட திட்டினேன், சனியனே தின்னுன்னு." அதற்கு மேல் பாட்டி சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மனிதரையும் நாயையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மணிக்கு உலகப் போட்டி இல்லாததால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவனுக்கு அது தெரியவும் தெரியாது. நான் ஒப்பிடுவது இரண்டு தாள்களை மட்டும்தான். எத்தனை வருஷம் ஓடினாய், எவ்வளவு வேலை செய்தாய் என்பது எதிரே கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். தாள் அதைக் கேட்காது, எங்கிருந்து வந்தாய் என்றுதான் கேட்கும்.

நாய்க்கு வேறு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கம் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, பல்லவன் மகேந்திரவர்மன் காலம். தொறுப் பூசலில் இறந்த வீரனுக்கு நட்ட கல், பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு கள்ளரைக் கடித்து, எசமானன் விழுந்த இடத்திலேயே காத்து நின்றதைச் சொல்லியிருக்கிறார்கள். என்ன இனம், யாருக்குப் பிறந்தது என்பதெல்லாம் இல்லை. பெயர், செய்த வேலை, நின்ற இடம், அவ்வளவுதான். நாய்க்கு ஒரு பேப்பர் என்றால் எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வருகிறது.

மணிக்கு இப்போது பத்து வயது ஆகப்போகிறது. பின்னங்கால் மூட்டில் வலி. மருத்துவர் குதிக்க வேண்டாம் என்று சொன்னதால் குறுக்குக் கம்பிகளையெல்லாம் தரையிலேயே வைத்துவிட்டேன். அவன் அவற்றை ஒவ்வொன்றாக, ரொம்ப கவனமாக, தாண்டுவதாக நினைத்துக்கொண்டு நடந்து கடக்கிறான். பாட்டிக்கும் மூட்டு வலி. பிளாஸ்டிக் நாற்காலியைத் திடல் ஓரம் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். சும்மா இருக்கிறாரே என்று போன வாரம் என் போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து கையில் கொடுத்தேன்.

மணி கடைசிக் கம்பியைக் கடந்து என்னிடம் வரவில்லை, நேராக நாற்காலிப் பக்கம் போனான். பாட்டி காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் தலையில் கையை வைத்தார்.

"போதும் டைகர், வந்து படு" என்றார்.

போனில் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தவில்லை.