யுவான் சுவாங்கின் இந்திய முன்னுரை: கண்டதும் கேட்டதும்

பண்டைய இந்தியாவின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அந்நாட்டுக்கு வந்துசென்ற அந்நியரின் குறிப்புகளைப் பெரிதும் சார்ந்தே நின்றுள்ளனர். மௌரியர் அவைக்கு வந்த மெகஸ்தனீஸ், கி.பி. 5 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பாகியன், 11 ஆம் நூற்றாண்டில் இந்தியரின் சாத்திரங்களை ஆராய்ந்த அல்பெரூனி ஆகியோர் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவர்கள். ஆயின், நேரிற் கண்ட நிலப்பரப்பின் விரிவாலும் தந்த செய்திகளின் தொகையாலும் இவர்களுள் தனியிடம் பெறுபவர் 7 ஆம் நூற்றாண்டிற் சீனத்திலிருந்து வந்த பௌத்தத் துறவியான யுவான் சுவாங் ஆவார்.

ஹர்ஷன் காலத்து இந்திய சமுதாயம் எனப் பாடநூல்கள் தரும் சித்திரத்தின் பெரும்பகுதி இவருடைய நூலின் ஓரிடத்திலிருந்தே பெறப்பட்டதாகும். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், தனித்தனி நாடுகளை விவரிக்க முன்னர், இந்தியா முழுவதையும் பற்றி அவர் எழுதிய பொது முன்னுரையே அவ்விடம். பரந்து விரிந்த, பல மொழியும் பல அரசும் பல சமயமும் கொண்ட ஒரு பெருநாட்டைச் சில பக்கங்களில் அறிமுகஞ்செய்யும் முயற்சி அது. அம்முன்னுரை எந்த இந்தியாவைக் காட்டுகிறது, அதனை எவ்வளவுக்கு முழு நாட்டுக்கும் பொருத்தலாம் என்பன வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாக்களாம். அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலின் தோற்றம்

629 ஆம் ஆண்டளவிற் சீனத் தலைநகர் சாங்கானை விட்டுப் புறப்பட்ட யுவான் சுவாங், மத்திய ஆசியப் பாலைகளையும் மலைகளையும் கடந்து இந்தியாவை அடைந்து, நாலந்தாவில் சீலபத்திரரிடம் யோகாசாரத் தத்துவம் பயின்று, 645 இல் 657 நூல்களுடன் நாடு திரும்பினார். அவர் வெளியேறியபோது அரசின் அனுமதி பெற்றிருக்கவில்லை. ஆயினும், திரும்பி வந்தவரைத் தாங் வமிசத்துப் பேரரசன் தைசொங் வரவேற்றதோடு, மேற்றிசை நாடுகளைப் பற்றி நூலொன்று எழுதித்தருமாறும் பணித்தான். மேற்குத் துருக்கியரின் ஆதிக்கத்தை ஒடுக்கித் தன் அதிகாரத்தை அத்திசையில் விரிவாக்க முயன்றுகொண்டிருந்த அப்பேரரசனுக்கு அந்நாடுகளின் வழிகளும் விளைபொருள்களும் மக்கள் இயல்பும் பற்றிய அறிவு இன்றியமையாததாயிருந்தது.

இவ்வாறு 646 இல் நிறைவுற்றதே பன்னிரண்டு பாகங்களைக் கொண்ட மேற்றிசை நாடுகள் பற்றிய குறிப்பு நூலாகும். யுவான் சுவாங் தந்த செய்திகளை ஒழுங்குபடுத்தி உருக்கொடுத்தவர் அவருடைய மாணாக்கர் பியன்சி. அந்நூலின் இறுதியிற் பியன்சி எழுதிய குறிப்பு ஆய்வாளர் கவனத்துக்குரியது. நேரிற் சென்ற நாட்டைக் குறிக்க ஒரு வினைச்சொல்லும், கேள்வியால் மட்டும் அறிந்த நாட்டைக் குறிக்க வேறொரு வினைச்சொல்லும் ஆளப்பட்டுள்ளதாக அவர் கூறுகிறார். நூலில் இடம்பெறும் 138 நாடுகளுள் 110 நேரிற் கண்டவை, 28 கேட்டறிந்தவை என்பது மரபான கணக்கு. கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் காட்டவேண்டும் என்னும் உணர்வு 7 ஆம் நூற்றாண்டு நூலொன்றிற் காணப்படுவது வியப்புக்குரியதே. ஆனால், பொது முன்னுரைக்கு இப்பாகுபாடு இல்லை. அங்கே எது கண்டது, எது கேட்டது, எது நாலந்தாவில் ஓதியது என அறிதற்கு வாசகனுக்கு எந்த அடையாளமும் தரப்படவில்லை.

முன்னுரையின் அமைப்பு

முன்னுரை பெயர் விளக்கத்தோடு தொடங்குகிறது. நாட்டின் பெயரைச் சந்திரனைக் குறிக்கும் இந்து என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்தும் ஆசிரியர், ஐந்து இந்தியாக்களும் எழுபதுக்கு மேற்பட்ட அரசுகளும் அடங்கிய அந்நிலப்பரப்பின் சுற்றளவு 90,000 லீக்கு மேற்பட்டது என்கிறார். மூன்று புறம் கடலும் வடக்கே பனிமலையும் சூழ, வடக்கில் அகன்றும் தெற்கில் ஒடுங்கியும் அது பிறைவடிவில் அமைந்ததென அவர் வருணிப்பர். அதன்பின் நீட்டலளவை, காலக்கணிப்பு, பருவங்கள், ஊரும் வீடும், உடை, தூய்மை, எழுத்தும் மொழியும், கல்வி, பௌத்தப் பிரிவுகள், வருணங்கள், படை, நீதி, வணக்க முறைகள், நோயும் ஈமக்கடனும், வரி, விளைபொருள் எனத் தலைப்புகள் ஒழுங்காகத் தொடர்கின்றன.

இவ்வொழுங்கு, சீன அரச வரலாறுகளில் அயல்நாடுகளை விவரிக்கும் முறையோடு பெரிதும் ஒத்தது. பேரரசனின் அவைக்கு ஒரு நாட்டின் முழுவடிவம் ஒரே பார்வையில் தேவைப்பட்டது. முன்னுரை அதனை வழங்கிற்று. செய்திகள் பலவும் நுணுக்கமானவை. இறைச்சி விற்போர், மீன் பிடிப்போர், கூத்தர், கொலைத்தண்டனை நிறைவேற்றுவோர், துப்புரவு செய்வோர் ஆகியோர் ஊருக்கு வெளியே வாழ்ந்தமையும், நீர், தீ, துலை, நஞ்சு என்னும் நால்வகைச் சோதனைகளால் வழக்குகள் தீர்க்கப்பட்டமையும் சமுதாய வரலாற்றுக்கு அரிய சான்றுகளாகும்.

முன்னுரையும் நூலின் உடலும்

ஆயினும், முன்னுரையை நூலின் ஏனைய பாகங்களோடு ஒப்பிடுமிடத்து முரண்பாடுகள் புலனாகின்றன.

முதலாவது, வருணம் பற்றியது. ஆட்சி சத்திரியர்க்கு உரியது என முன்னுரை கூறும். ஆனால், தனி நாடுகளை விவரிக்கும்போது கன்னோசி மன்னன் ஹர்ஷனை வைசியன் என்றும், சிந்து நாட்டு அரசனையும் மதிபுரத்து அரசனையும் சூத்திரர் என்றும், உச்சயினி அரசனைப் பிராமணன் என்றும் யுவான் சுவாங்கே எழுதுகிறார். முன்னுரையில் உள்ளது சாத்திரம் கூறும் சமுதாயம். பின்னர் வருவது அவர் எதிர்கொண்ட சமுதாயம்.

இரண்டாவது, மக்கள் இயல்பும் பாதுகாப்பும் பற்றியது. இந்தியர் நேர்மையும் வாக்குத் தவறாமையும் உடையவர் என்று முன்னுரை புகழ்கிறது. ஆனால், ஹுயிலி என்னும் துறவி எழுதிய யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறோ, சாகல நகருக்கு அப்பாற் காட்டிடையே அவர் கள்வரிடம் உடைமைகளை இழந்தமையையும், கங்கையாற்றிற் கொள்ளையர் அவரைப் பிடித்துத் துர்க்கைக்குப் பலியிட முனைந்தமையையும் கூறுகிறது. பேரரசனுக்குரிய அறிமுகத்தில் இவ்வநுபவங்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

மூன்றாவது, வரி பற்றியது. விளைவில் ஆறிலொரு பங்கே இறை, வரிச்சுமை இலேசானது, பொதுப்பணிக்கு அழைக்கப்படுவோர்க்குக் கூலி உண்டு என்பது முன்னுரையின் கூற்று. ஆனால், ஹர்ஷனுடைய மதுவன் செப்பேடு பாகம், போகம், கரம், ஹிரண்யம் எனப் பல்வேறு இறைகளைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. பல்லவர் செப்பேடுகளும் தானநிலங்களுக்கு விலக்களிக்கப்பட்ட கடமைகளை நீண்ட பட்டியலாகத் தருகின்றன. விலக்கு அளிக்கப்பட்டதெனின், விலக்குப் பெறாத குடிகள் அவற்றைச் செலுத்தினர் என்பதே பொருள். அரசரின் விருந்தினராய் மடந்தோறும் தங்கிச்சென்ற துறவிக்கு உழவரின் கடன்சுமை தெளிவாகத் தெரிந்திருக்கும் என எதிர்பார்த்தல் இயலாது.

நான்காவது, பௌத்தத்தின் நிலை பற்றியது. பதினெண் பிரிவுகளும் வாதஞ்செய்து செழிக்கும் சமயமாக அதனை முன்னுரை காட்டுகிறது. நூலின் உடலிலோ காந்தாரத்தில் ஆயிரத்தளவான விகாரைகள் பாழடைந்து கிடக்கின்றன. புத்தர் பிறந்த கபிலவஸ்து நாடும் குடியற்று அழிந்து கிடக்கிறது. தேய்ந்துவரும் ஒரு சமயத்தின் துயரச் சித்திரம் ஊர் ஊராகச் சென்று வாசிப்போர்க்கே கிட்டுகிறது.

தென்னாட்டுப் பகுதி

முன்னுரையின் எல்லை மிகத் தெளிவாகப் புலப்படுவது தென்னாட்டைப் பொறுத்தவரையிலேயே. நாற்பத்தேழு எழுத்துக்கள் கொண்ட நெடுங்கணக்கொன்று இந்தியா எங்கும் வழங்குவதாகவும், மத்திய இந்தியாவின் மொழியே செம்மை உடையதாகவும் முன்னுரை கூறும். 640 ஆம் ஆண்டளவிற் காஞ்சிபுரத்தை அடைந்த யுவான் சுவாங், திராவிட நாட்டின் மொழியும் எழுத்தும் மத்திய இந்தியாவினின்றும் சிறிது வேறுபடுவன என எழுதினார். தமிழுக்கும் வடமொழிக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. அவர் பழகியது வடமொழி கற்ற துறவிகளோடு என்பதும், தெருவில் வழங்கிய மொழி அவர் செவிக்கு எட்டியும் கருத்துக்கு எட்டவில்லை என்பதும் இதனால் உய்த்துணரத்தக்கன.

காஞ்சிபுரத்தை அவர் பெரிதும் மதித்தார் என்பதில் ஐயமில்லை. நிலவளமும் மக்களின் துணிவும் வாய்மையும் கல்வி நாட்டமும் பாராட்டப்படுகின்றன. நூறுக்கு மேற்பட்ட விகாரைகளில் தேரவாத மரபைப் பின்பற்றிய பதினாயிரம் துறவிகள் இருந்தனர் என்றும், எண்பது தேவாலயங்களைச் சார்ந்தோருட் பலர் ஆடையற்ற துறவிகள் என்றும் அவர் குறிப்பர். சமணர் செல்வாக்குப் பற்றிய இச்செய்தி அந்நூற்றாண்டின் தேவார ஆசிரியர்கள் வாயிலாக அறியவருவதோடு பொருந்துகிறது. சீலபத்திரரின் ஆசிரியரான தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சி. எனவே யுவான் சுவாங்குக்கு அது தம் ஆசிரியரின் ஆசிரியரைத் தந்த ஊராயிருந்தது. எனினும், அக்காலத்திற் காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனின் பெயரோ பல்லவர் என்னும் பெயரோ அவருடைய நூலில் இல்லை. பரவிவந்த சைவ, வைணவ பக்தி இயக்கத்தின் வேகமும் அங்கே பதிவாகவில்லை.

திராவிட நாட்டுக்குத் தெற்கே இருந்த மலகூடம் பற்றிய பகுதி மேலும் சிந்திக்கத்தக்கது. ஆய்வாளர் பலர் இதனைப் பாண்டிநாட்டோடு இணைப்பர். அங்குள்ள மக்கள் கல்வியை நாடாது வாணிப ஊதியத்தையே நாடுவர் என்று நூல் கூறுகிறது. யுவான் சுவாங் அங்கே சென்றாரா என்பது பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. அதனை அவர் கேள்வியால் அறிந்ததாகவே ஹுயிலியின் நூலிலிருந்து தெரிகிறது. பல நூற்றாண்டுத் தமிழ்ப் புலமை மரபுக்கு உறைவிடமான நாட்டைக் கல்வி நாட்டமற்றது என்று எழுத நேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு எனலாம்: ஒன்று, செய்தி காஞ்சியில் இருந்தோர் வாயிலாக வந்தமை, மற்றது, கல்வி என்னும் சொல் அவருக்கு வடமொழிச் சாத்திரக் கல்வியையே குறித்தமை.

கடலுக்கு அப்பால்

காஞ்சியிலிருந்து இலங்கைக்கு மூன்று நாட் கடற்பயணம் என ஹுயிலி குறிப்பர். யுவான் சுவாங்கும் அப்பயணத்தை விரும்பியவரே. ஆனால், அவர் காஞ்சியிற் சந்தித்த இலங்கைத் துறவிகள், தம் நாட்டு மன்னன் இறந்ததையும் பஞ்சம் பரவியதையும் தெரிவித்தனர். அநுராதபுரத்தில் 7 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்த அரசுரிமைப் போர்கள் பற்றிச் சூளவம்சம் கூறுவதோடு இதனை ஒப்புநோக்கலாம். யோக சாத்திரத்தில் அத்துறவிகளின் விளக்கம் சீலபத்திரரின் விளக்கத்தை விஞ்சவில்லை எனக் கண்ட யுவான் சுவாங் கடல் கடக்காது திரும்பினார். ஆகவே, பதினோராம் பாகத்தில் இடம்பெறும் இலங்கை விவரம், சிங்கத்தின் கதை, அரக்கியர் தீவுக் கதை, தந்ததாது ஆலயத்தின் மணி ஒளி ஆகியன உட்பட, கேள்வி வழி வந்ததாகும். மகாவிகாரை, அபயகிரி என்னும் இரு பிரிவுகள் பற்றிய செய்தி சரியாயிருப்பதும் அவருக்குச் செய்தி தந்தோர் துறவிகளாயிருந்தமையாலேயே.

சான்றாகக் கொள்ளுதல்

இவற்றால் யுவான் சுவாங்கின் நம்பகத்தன்மை குன்றிவிடுகிறதெனக் கருதுதல் தவறு. 19 ஆம் நூற்றாண்டில் யூலியென், பீல் ஆகியோரின் மொழிபெயர்ப்புகள் வெளிவந்த காலத்தில், அவர் தந்த திசைகளையும் தூரங்களையும் கொண்டே அலெக்சாந்தர் கனிங்காம் மறைந்துபோன பல தலங்களை இனங்கண்டார். நாலந்தாவின் இடிபாடுகள் அடையாளங் காணப்பட்டதில் யுவான் சுவாங்கின் குறிப்பு முதன்மையான பங்கு வகித்தது. 1915 இல் அங்கு தொடங்கிய அகழ்வுகள் அதனை உறுதிப்படுத்தின. ஹர்ஷனால் மகாராட்டிரத்தை வெல்ல இயலவில்லை என அவர் எழுதியதை இரண்டாம் புலிகேசியின் 634 ஆம் ஆண்டு ஐகொளெ சாசனம் அரண்செய்கிறது. அவர் நடந்து கண்ட இடங்களில் அவருடைய சொல் வலிமை வாய்ந்தது.

இடர் நேர்வது முன்னுரையைத் தனியே எடுத்து முழு நாட்டுக்கும் பொருத்தும்போதே. கங்கைச் சமவெளியின் மடங்களில் உருவான ஒரு பொதுச் சித்திரத்தைத் தமிழகத்து உழவனுக்கும் சிந்துநாட்டு இடையனுக்கும் உரியதாக்கினால், அவர்களைப் பற்றி நாம் அறிந்தது ஒன்றுமில்லாதிருக்க, அறிந்துவிட்டோம் என்னும் நிறைவு மட்டும் எஞ்சும். கல்வெட்டும் செப்பேடும் அகழ்வும் வட்டார இலக்கியமும் அந்நிறைவைக் கலைப்பதற்கு உதவுவன.

ஒரு பெருநாட்டை அறிமுகஞ்செய்வோர் எவரும் பொதுமைப்படுத்தாதிருத்தல் இயலாது. யுவான் சுவாங் பொதுமைப்படுத்தினார்; ஆனால், அப்பொதுமையைத் திருத்துதற்கு வேண்டிய செய்திகளையும் தம் நூலின் ஏனைய பாகங்களில் மறையாது வைத்துச்சென்றார். முன்னுரையோடு நின்றுவிடாது அவருடன் நாடு நாடாக நடந்து செல்லும் வாசகனுக்கே அவருடைய இந்தியா முழுமையாகப் புலனாகும்.